சூரியனைக் காணோம்: காசியில் இரண்டு அந்திப் படகுகள்

"அப்பா, சூரியன் எங்கப்பா?" என்று மகள் கேட்டபோது மணி 5.25. படகு கிளம்பி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. இரண்டடுக்கு மோட்டார் படகின் மேல்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். முக்கால்வாசிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி வானத்தில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்கள். மேற்கே அரண்மனைச் சுவர்களும் கோபுரங்களும் சாம்பல் நிறத்தில் நின்றன. கிழக்கே வெறும் மணல். சூரியனைக் காணோம்.

நாங்கள் காசு கொடுத்து ஏறியது 'சூரிய அஸ்தமனச் சவாரி'க்கு.

மறுநாள் அதே ஏழு பேர், அதே ஆற்றில், வேறு படகில் ஏறி அஸ்தமனத்தை முழுசாகப் பார்த்தோம். நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காசிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். எல்லோருடைய பயணத் திட்டத்திலும் 'சாயங்காலம் படகு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எனக்கும் தெரியாது.

போன ஆட்களும் போட்ட கணக்கும்

மதுரையிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, அத்தை, நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர். பெரியப்பாவுக்கு 76 வயது, முழங்கால் வலி, எதையும் கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிறவர். நவம்பர் கடைசி வாரத்தில் போனோம். வடநாட்டுக் கணக்கில் வரும் கார்த்திகைப் பௌர்ணமிக்கு அங்கே தேவ தீபாவளி. அன்றைக்குப் படித்துறை முழுக்க விளக்கு, ஆறு முழுக்கப் படகு. வாடகையைக் கேட்டால் வந்த ரயிலிலேயே திரும்பிவிடத் தோன்றும். அது முடிந்து பத்து நாள் கழித்துப் போனால் ஊர் கொஞ்சம் மூச்சு விடும் என்று நினைத்தோம். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தப்பானது இன்னொரு கணக்கு. தங்கிய இடத்தில் சொல்லி வைத்து, ஒரு படகு நிறுவனத்தில் தலைக்கு 350 ரூபாய் கொடுத்துச் சீட்டு எடுத்தோம். "ஐந்து மணிக்குக் கிளம்பும். அஸ்தமனம், ஆரத்தி இரண்டும் பார்க்கலாம். வழிகாட்டி உண்டு" என்றார்கள். பெரியப்பா தலையாட்டினார். "ஆறு மணிக்குத்தானே சூரியன் மறையும். ஒரு மணி நேரம் தாராளமா இருக்கு." எங்கள் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. மதுரையில் நவம்பரில் ஆறு மணிவாக்கில்தான் பொழுது சாயும். பொழுது ஊருக்கு ஊர் மாறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

முதல் மாலை

அசி கட்டத்தில் 4.45க்கு ஏற்றினார்கள். 'காட்' என்று இந்தியில் சொல்வதைக் காசியில் வாழும் தமிழர்களும் பழைய யாத்திரைக்காரர்களும் கட்டம் என்பார்கள்: அனுமார் கட்டம், அரிச்சந்திர கட்டம், பஞ்சகங்கா கட்டம். நானும் அப்படியே எழுதுகிறேன். இன்னும் பத்துப் பேர் வர வேண்டும் என்று படகு நின்றது. கிளம்பியபோது 5.20.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஞ்சின் இரைச்சல். அதற்கு மேல் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. அதற்கும் மேல் மைக்கில் வழிகாட்டி. ஒரு கட்டத்தைப் பற்றி அவர் சொல்லி முடிப்பதற்குள் படகு மூன்று கட்டம் தாண்டியிருக்கும். எந்தக் கட்டடத்துக்கு எந்தக் கதை என்று பொருத்திப் பார்க்கவே முடியவில்லை. தசாசுவமேத கட்டத்தின் முன்னால் ஏற்கெனவே நாற்பது ஐம்பது படகு ஒன்றோடொன்று கட்டிக் கிடந்தது. எங்கள் படகையும் கடைசி வரிசையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். டீ விற்கிறவர்கள் படகுக்குப் படகு தாண்டித் தாண்டி வந்தார்கள், தரையில் நடப்பதுபோல. ஆரத்தி எடுக்கிறவர்கள் ஆற்றைப் பார்த்து நிற்பதால் படகில் இருப்பவர்களுக்குத்தான் நல்ல காட்சி என்பது உண்மைதான். ஆனால் அது முதல் இரண்டு வரிசைக்கு. எங்களுக்குத் தெரிந்தது முன்னால் நின்றவர்களின் முதுகும், அவர்கள் தூக்கிப் பிடித்த போன் திரைகளில் சின்னச் சின்னதாக ஆரத்தியும்.

அங்கேதான் பெரியப்பாவுக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. படகில் இல்லை. முன்னாலும் படகு, பின்னாலும் படகு. ஆரத்தி முடியாமல் அவிழ்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரை இறங்கியபோது எட்டு மணி. அறைக்கு வந்ததும் அவர் சொன்னது ஒரே வரி: "காசிக்கு வந்தா பிடிச்சதை விடணும்பாங்க. நான் படகை விட்டுட்டேன்."

எங்கே பிசகியது

அன்று ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிப் பார்த்தேன். அந்த வாரம் காசியில் சூரிய அஸ்தமனம் 5.10ஐ ஒட்டி. மதுரையில் அதே நாள் 5.55 வாக்கில். முக்கால் மணி நேர வித்தியாசம். ஒரே நாடு, ஒரே மணி, ஆனால் சூரியனுக்கு அது தெரியாது.

இந்த முக்கால் மணியில் இரண்டு பங்கு இருக்கிறது. நம் நாட்டுக் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தக் கோடு காசிக்குப் பக்கத்து ஊரான மிர்சாப்பூர் வழியில்தான் போகிறது. காசி அதற்குச் சற்றே கிழக்கே, 83 பாகையில். மதுரையோ 78ஐ ஒட்டி. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால், மதுரையில் சூரியன் எல்லாவற்றையும் 20 நிமிடம் தாமதமாகச் செய்கிறது. மீதி 25 நிமிடம் அட்சரேகையின் கைவேலை. மதுரை 10 பாகை வடக்கே, காசி 25 பாகை வடக்கே. குளிர்காலத்தில் வடக்கே போகப் போகப் பகல் சுருங்கும். அதே காசியில் ஜூன் கடைசியில் போனால் 6.50 வரை வெயில் இருக்கும். அப்போது மதுரையை விடத் தாமதமாகக்கூடப் பொழுது சாயும். ஆக, 'ஐந்து மணிப் படகு' என்று வருஷம் முழுக்க ஒரே நேரத்தைச் சொல்லிச் சீட்டு விற்கிறவர், ஏதோ சில வாரங்களுக்கு மட்டும்தான் உண்மை சொல்கிறார்.

சரி, நேரம்தான் பிசகு என்றால், நாலு மணிக்கு ஏறியிருந்தால் பார்த்திருப்போமா? அதுதான் இல்லை. இது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

கங்கை இமயத்திலிருந்து இறங்கி, பொதுவாகக் கிழக்கே ஓடுகிற ஆறு. காசியில் வளைந்து தெற்கிலிருந்து வடக்கே போகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில். எண்பத்து நாலு கட்டங்களும் கிழக்கே பார்த்து நிற்கின்றன. காலையில் உதிக்கிற சூரியன் நேராக எல்லாப் படிகளின் முகத்திலும் அடிக்கும். காசியின் படகு என்றாலே விடியற்காலைப் படகு என்று முன்னோர் வைத்தது இதனால்தான். சாயங்காலம் எல்லாம் தலைகீழ். சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். படியும் அதன்மேல் மாளிகையுமாகப் பத்து மாடி உயரத்துக்குச் சுவர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரிலிருந்து ஐம்பது, நூறு அடி தள்ளிப் போகிற படகில் உட்கார்ந்தவனுக்கு, சூரியன் மறையும் நேரம் 5.10 கிடையாது. மூன்று, மூன்றரைக்கே கதை முடிந்துவிடும்.

முதல் நாள் படகு கரையை ஒட்டியே போனது. கட்டங்களைக் காட்ட அதுதான் வசதி. ஆகவே எத்தனை மணிக்குக் கிளம்பியிருந்தாலும் அந்தப் பாதையில் அஸ்தமனம் கிடையாது. பெயரை மட்டும் கடலோர ஊர்களிலிருந்து எடுத்து வந்து ஒட்டியிருக்கிறார்கள்.

அனுமார் கட்டத்து மாமா

மறுநாள் காலை அனுமார் கட்டம் பக்கம் இட்லி சாப்பிடப் போனோம். தமிழ் எழுத்தில் பலகை, தமிழில் கூப்பிடுகிற கடைக்காரர், ஈரத் துண்டோடு போகிற நம்மூர் யாத்திரைக்காரர்கள் என்று அந்தச் சந்து பழைய கும்பகோணம்போல இருக்கும். பாரதி 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் இருந்து படித்ததும் இந்தச் சந்தில்தான். அங்கேதான் மாமாவைப் பார்த்தோம். அவருடைய தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கங்கைக் கரையில். யாத்திரைக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவருக்குத் தொழில் பாதி, பொழுதுபோக்கு பாதி.

எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "நேத்திக்கு அக்கரைக்குப் போனேளோ?"

"இல்லை மாமா."

"பின்னே எப்படித் தெரியும்? ஊரைப் பார்க்கணும்னா ஊரை விட்டுத் தள்ளிப் போகணும். ஆத்துல இருந்து பார்த்தா ஊர் தெரியும். அக்கரையிலேர்ந்து பார்த்தாத்தான் சூரியன் தெரியும்."

அவரே துடுப்புப் படகு ஒன்று பேசிவிட்டார். படகுக்கு 2,500, அவருக்கு 1,000. எந்தத் துறையில் யார் ஆள் ஏற்றலாம் என்பதற்குப் படகோட்டிகளுக்குள் தலைமுறைக் கணக்கு உண்டு. அவருக்குத் தெரிந்த ஆள் அந்தத் துறைக்காரர். அதனால் பேரம் சுலபமாக முடிந்தது. முதல் நாளைவிட ஆயிரத்துச் சொச்சம் அதிகம். பெரியப்பாதான் வர மாட்டேன் என்றார். "எப்ப வேணா எந்தக் கரையிலயும் இறக்கிவிடுவார், உங்க ஏழு பேருக்கு மட்டும்தான் படகு" என்று மாமா சொன்ன பிறகு செருப்பை மாட்டினார்.

இரண்டாம் மாலை

3.15க்கு ஏறினோம். நான் முதலில் கேட்டது உயிர்காப்புச் சட்டை. படகோட்டி சிரித்தார், பிறகு பக்கத்துப் படகிலிருந்து ஏழு எடுத்து வந்தார். இரண்டுக்குப் பட்டி அறுந்திருந்தது. மாற்றித் தரச் சொன்னேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

மூங்கில் துடுப்பு, அதன் நுனியில் பலகை. படகின் விளிம்பில் ஒரு மரமுளை. துடுப்பை அதோடு கயிற்று வளையம் போட்டுக் கட்டியிருக்கிறது. நாலு இழுப்புக்கு ஒரு தடவை கயிறு கிறீச்சிடும். உடனே படகோட்டி ஒரு கையால் கங்கையை அள்ளிக் கயிற்றின் மேல் ஊற்றுவார், சத்தம் அடங்கும். பையன் இதைப் பார்த்துவிட்டு அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். சாயங்காலம் முழுக்க அவனுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

நீரோட்டம் வடக்கே. அனுமார் கட்டத்திலிருந்து வடக்கே போனால் படகு தானாகவே நகரும். அந்த வேகம் மாமாவின் பேச்சுக்குச் சரியாகப் பொருந்தியது. ஒரு கதை முடிகிறபோது அந்தக் கட்டடமும் முடியும். பின்னால் திரும்பிச் சேத் சிங் கோட்டையைக் காட்டினார். 1781இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி ராஜா சேத் சிங்கிடம் பணம் கேட்டு நெருக்கி, அவரை அந்த மாளிகையிலேயே சிறை வைத்தார். ஊர் திரண்டு வந்து கும்பினிச் சிப்பாய்களை வெட்டிப் போட, அந்தக் குழப்பத்தில் ராஜா தலைப்பாகைத் துணிகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியே இறங்கிப் படகில் தப்பினார். "இதே ஆறு, இதே மாதிரிப் படகு" என்றார் மாமா. மகள் அந்த ஜன்னல்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அரிச்சந்திர கட்டம் வந்ததும் மாமா பேச்சை நிறுத்தினார். மூன்று சிதை எரிந்துகொண்டிருந்தது. "போனை உள்ளே வெச்சுக்கோங்கோ" என்றார் மெதுவாக. முதல் நாள் வழிகாட்டி இதே இடத்தில், "இடது பக்கம் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மைக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கேட்காமலா இருந்திருக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் பார்க்க விடலாமா என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அத்தைதான், "பார்க்கட்டும்டா, என்ன இப்போ" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, கயிறுகூடக் கிறீச்சிடவில்லை.

அடுத்தது கேதார கட்டம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோயில், கழுதையும் எருமையும் திரிகிற வடநாட்டுப் படித்துறையில் திடீரென்று நம்மூர் மதில் ஒன்று முளைத்த மாதிரி. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் இங்கே வந்து நிறுவிய மடம்தான் அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறது. டில்லிப் பாதுஷாவின் ஆளிடம் பேச வேண்டியிருந்ததால், கலைமகளைப் பாடி இந்துஸ்தானி கற்றார் என்பது கதை. பெரியம்மாவுக்கு அந்தப் பாட்டு முழுக்கப் பாடம், முணுமுணுத்துக்கொண்டே கும்பிட்டார். படிகள் எல்லாம் அப்போதே நிழலில் இருந்தன. மணி 3.45கூட ஆகவில்லை. வெயில் எங்கே என்று தேடினேன். பின்னால், நடு ஆற்றுக்கு அப்பால், மணல் மட்டும் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது.

தர்பங்கா மாளிகை வந்தபோது படகைத் திருப்பி ஆற்றைக் கடந்தோம். சுனார் கல்லில் கட்டிய அந்த அரண்மனை இப்போது ஓட்டல். அங்கே ஒரு ராத்திரித் தங்கும் காசில் நாங்கள் ஏழு பேரும் ஊருக்கே போய்விடலாம்.

நடு ஆற்றில் ஒரு கோடு தாண்டினோம். நிஜமாகவே கோடு. இந்தப் பக்கம் தண்ணீர் கறுப்பு, அந்தப் பக்கம் வெள்ளி. நிழலின் விளிம்பு அது. தாண்டியதும் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம். திரும்பிப் பார்த்தால் சூரியன் அங்கேதான் இருந்தான், மாளிகைகளுக்கு மேலே ஒரு முழ உயரத்தில். இத்தனை நேரம் எங்களுக்குத்தான் மறைத்திருந்தது.

மணலில் இறங்குவது லேசான வேலை இல்லை. கரையோரம் வழுக்கும் சேறு. பெரியப்பாவின் ஒரு செருப்பு உள்ளே போய், படகோட்டி கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். இறங்கும் முன்னால் பெரியப்பாவுக்கு வேறொரு கவலை. கங்கையின் மறுகரையில் உயிர் போனால் கழுதையாகப் பிறப்போம் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. "இங்கே கால் வைக்கலாமா?"

"போனாத்தான் கழுதை. டீ குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்றார் மாமா.

எலுமிச்சை டீ கிடைத்தது, கறுப்பு உப்பும் மசாலாவும் போட்டு. ஒட்டகச் சவாரிக்காரர் ஒருவர், குதிரைக்காரர் இருவர், பட்டம் விடும் பையன்கள். மழைக்காலத்தில் இந்த மணல் முழுக்க ஆற்றுக்குள் போய்விடும். ஆகவே நிரந்தரக் கட்டடம் ஒன்றும் இல்லை. எதிரே இருக்கிற நெரிசலுக்கு இந்தக் கரையின் வெறுமை ஒரு மருந்து. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறவன் என்பதால், நேர் எதிரே இறங்காமல், இடப்புறமாகக் கேதார கட்டத்துப் பக்கம் தாழ்ந்துகொண்டிருந்தான். புகையும் பனியும் கலந்த வானம். நேராகப் பார்க்கலாம், கண் கூசாது. குங்குமப் பொட்டு மாதிரி, ஓரம் கூராக.

நான் பார்த்துக்கொண்டிருந்தது சூரியனை விடத் தண்ணீரை. அந்த நிழல் விளிம்பு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதலில் நகர்வதே தெரியவில்லை. ஒரு படகை அடையாளம் வைத்தேன். டீ ஆறுவதற்குள் அதை விழுங்கிவிட்டது. சூரியன் தாழத் தாழ நிழல் நீளுகிற வேகம் கூடும் போலும். கடைசிப் பங்கு ஆற்றை ஒரே ஓட்டமாகக் கடந்தது. தண்ணீர் விளிம்பு, எங்கள் படகு, படகோட்டியின் கால், மகளின் பாவாடை. 4.55க்கு நாங்கள் நிழலுக்குள் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் மேட்டில் நின்ற ஒட்டகத்தின் தலை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பொன்னாக இருந்தது. பத்து நொடி, பதினைந்து நொடி. அப்புறம் அதுவும் அணைந்தது. எதிரே காசி முழுக்க ஒரே கறுப்புக் கோட்டுருவமாக நின்றது, கோபுரம் கோபுரமாக.

"கூடாரத்தை மடக்கிட்டாங்க" என்றார் பெரியப்பா. அவருக்குச் சினிமாக் கொட்டகை ஞாபகம்.

திரும்பி வந்த வழி

இங்கே எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். அந்தி மயங்கியதும் பெரிய படகுகள் வரிசையாக வர ஆரம்பித்தன. ஒவ்வொன்று போகும்போதும் எழும்புகிற அலையில் எங்கள் படகு பக்கவாட்டில் ஆடியது. பெரியம்மா என் கையை விடவே இல்லை. துடுப்புப் படகில் விளக்கு கிடையாது. நானும் மனைவியும் போன் வெளிச்சத்தை இரண்டு பக்கமும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படகோட்டிக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு இல்லை. அடுத்த தடவை போனால் ஒரு கைவிளக்கு எடுத்துப் போவேன்.

தசாசுவமேத கட்டத்துக்கு எதிரே, கட்டிக் கிடந்த படகுகளுக்கு வெளியே, ஓட்டத்தில் நிறுத்தினார்கள். ஆறு மணியை ஒட்டி ஆரத்தி ஆரம்பித்தது. தூரம் அதிகம்தான், முகம் தெரியாது. ஆனால் ஏழு அடுக்கு விளக்கும் ஒரே சமயம் எழும்பி, வளைந்து, இறங்குவது முழுசாகத் தெரிந்தது. முதல் நாள் வழிகாட்டி இதை ஆயிரக்கணக்கான வருஷமாக நடப்பது என்று சொல்லியிருந்தார். மாமா சிரித்தார். "கங்கைக்கு ஆரத்தி எடுக்கறது பழசு. இப்படி மேடை போட்டு, ஒரே மாதிரி வேஷ்டி கட்டி, மைக் வெச்சு எடுக்கறது எல்லாம் தொண்ணூறுகள்லேர்ந்துதான். நான் பார்க்க ஆரம்பிச்சது." தொண்ணூறுகளில் தொடங்கியது என்பதால் அதன் அழகு எனக்குக் குறைந்துவிடவில்லை. பொய் சொல்லாத வழிகாட்டியிடம் மற்ற கதைகளையும் நம்பிக் கேட்க முடிந்தது, அவ்வளவுதான். பெரியம்மா தொன்னையில் சாமந்தியும் விளக்கும் வைத்து விட்டார். முதல் தொன்னை கவிழ்ந்தது. இரண்டாவது நகர்ந்து போய்ப் படகுக் கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தது.

இருபது நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். கிளம்பிய துறைக்கே திரும்பவில்லை. நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டால் போன நேரத்தைப்போல இரண்டு பங்கு ஆகும். பக்கத்திலேயே மான்மந்திர் கட்டத்தில் இறங்கி, ஆரத்திக் கூட்டம் கலைவதற்கு முன்னால் சந்து வழியாகக் கோதௌலியா நாற்சந்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஒருவழிப் பயணம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டது மாமாவின் யோசனை. இரண்டு நாள் ஏற்பாட்டிலும் இந்தச் சின்ன விஷயம்தான் பெரியப்பாவின் முழங்காலைக் காப்பாற்றியது என்பேன். மணிகர்ணிகை கட்டமும் அதற்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிற ரத்னேசுவரர் கோயிலும் பார்க்க முடியாமல் போனது. அஸ்தமனத்துக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொண்டோம்.

இறங்கிய இடத்தில் மாமா மேலே கைகாட்டினார். மான்மந்திர் மாளிகை ஆம்பேர் ராஜா மான்சிங் கட்டியது. அதன் மொட்டை மாடியில் 18ஆம் நூற்றாண்டில் அதே வம்சத்து இரண்டாம் ஜெய்சிங் ஒரு வானாய்வுக்கூடம் வைத்தார். டில்லி, ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர்களைக் கட்டியவரும் அவர்தான். "நாளைக்கு உச்சிப் பொழுதுக்கு முன்னாடி வாங்கோ" என்றார் பெரியப்பாவிடம். "உங்க கடிகாரத்தையும் எடுத்துண்டு வாங்கோ."

போனோம். சீட்டு வாங்கி, செங்குத்துப் படிகளில் பெரியப்பாவை மெல்ல ஏற்றினோம். கல்லில் கட்டிய முக்கோணச் சுவர். அதன் நிழல் பக்கத்து வளைவில் விழுந்து மணி காட்டுகிறது. நிழல் உச்சிக் கோட்டைத் தொட்டபோது பெரியப்பா மணிக்கட்டைத் திருப்பினார். 11.45.

"கால் மணி நேரம் தப்பா ஓடுதே" என்றார்.

"எது, பெரியப்பா?"

கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு நிழலைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.